இரட்டை நிற மஃப்ளர்: பின்னால் ஓடும் நூலை இழுக்காதீர்கள்

என்னிடம் பின்னல் கற்கும் இரண்டு பேர் போன வாரம் தங்கள் மஃப்ளரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நிறக் கம்பளி நூலில், வட்ட ஊசியில் குழாயாகப் பின்னியது. பூவேலை அழகாக விழுந்திருந்தது. கையில் வாங்கி அகலவாக்கில் இழுத்தேன், கொஞ்சமும் விரியவில்லை. எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. என் முதல் மஃப்ளரும் இதே தவறில்தான் போனது.

கண்ணிகள் முறுக்கிக்கொள்வது, எண்ணிக்கை தப்புவது எல்லாம் நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்வீர்கள். அதை விடுங்கள்.

ஃப்ளோட்டை இறுக்குவது

ஒரு சுற்றில் இரண்டு நிறம் பின்னும்போது, அந்த நேரத்தில் வேலை இல்லாத நூல் துணியின் பின்பக்கமாக ஓடும். அதுதான் ஃப்ளோட். ஷெட்லாண்ட் தீவுகளின் ஃபேர் ஐல் பின்னலும் இப்படித்தான், சுற்றுக்கு இரண்டே நிறம். குழாய் மஃப்ளரில் ஃப்ளோட்டெல்லாம் உள்ளே மறைந்துவிடும். இரண்டு அடுக்குத் துணி, நடுவில் இந்த நூல்கள், அவற்றுக்கிடையே தங்கும் காற்று. கதகதப்பு அதனால்தான். ஆனால் மறைந்திருப்பதாலேயே யாரும் உள்ளே திருப்பிப் பார்ப்பதில்லை.

என் முதல் மஃப்ளருக்கு 4 மி.மீ. ஊசியில் 96 கண்ணி ஏற்றினேன். 10 செ.மீ.க்கு 24 கண்ணி என்பது கணக்கு. சுற்றளவு 40, மடித்தால் 20 செ.மீ. அகலம். வந்ததோ 15. "நீராவி காட்டினால் சரியாகிவிடும்" என்றார் அனுபவசாலி ஒருவர். நம்பி ஒன்றரை மீட்டர் பின்னினேன். நீராவியில் கண்ணி தளரும், ஆனால் ஃப்ளோட்டுக்குக் குறைவாக விட்ட நூலின் நீளம் எங்கிருந்து கூடும்? பிரிக்கப் பார்த்தால் இரண்டு நூலும் பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு வரவில்லை. 250 கிராம் நல்ல கம்பளி வீண். இன்றைக்கும் யாராவது "கழுவினால் சரியாகும்" என்று ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஆரம்பத்திலேயே பிரிக்கச் சொல்லுங்கள், அதுதான் உதவி.

நிறம் மாற்றும் முன் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் நன்றாகப் பரப்பிவிடுங்கள். அப்புறம் அடுத்த நூலை எடுங்கள். 5 கண்ணிக்கு மேல் ஒரு நூல் சும்மா ஓடினால் நடுவில் ஒருமுறை பின்னும் நூலோடு கோத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் கோத்தால் வெளியே தெரியும். அப்படியும் கை இறுகுகிறதா? குழாயை உள்வெளியாகத் திருப்பிப் பின்னுங்கள். ஃப்ளோட் வெளிவட்டமாகச் சுற்றிவருவதால் தானாகவே நீளம் கிடைக்கும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

மாதிரியைத் தட்டையாகப் பின்னுவது

மாதிரி என்பது கண்ணிக் கணக்குப் பார்க்க முதலில் பின்னும் சிறு துண்டு. வட்டமாகப் பின்னப்போவதற்கு அதையும் வட்டமாகத்தான் பின்ன வேண்டும். தட்டையாகப் பின்னும்போது புறப்பக்க வரிசையில் பலருக்குக் கை தளர்ந்துவிடும், கணக்கு மாறும்.

நூலின் இடத்தை மாற்றுவது

பின்பக்கம் ஓடும் இரண்டு நூலில் கீழிருந்து வரும் நூலின் நிறம்தான் முன்பக்கத்தில் எடுப்பாகத் தெரியும். பூவின் நிறத்தைக் கீழே வைத்தால் கடைசிவரை கீழேயே. எழுந்துபோய்த் திரும்பி உட்கார்ந்ததும் முதலில் இதைப் பாருங்கள். பாதியில் மாறினால் பூ அந்த இடத்தில் மங்கும்.

சாயம்

அடர்சிவப்பும் வெள்ளையுமா? சிவப்பு நூலில் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சுற்றின் தொடக்கம்

மடிப்பு ஓரத்தில் வையுங்கள்.

அவசரமாக மூடுவது

நுனிகளை மூடிவிட்டால் உள்ளே கை போகாது. குழாயைத் திருப்பி, தொங்கும் நூல் நுனிகளைச் செருகி, நீளமாகத் தொங்கும் ஃப்ளோட்டைத் தைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.