சந்தையும் சட்டமும் மாறும்போது முதலீட்டைப் பராமரிப்பது எப்படி? மலையகக் குடும்பங்களுக்கான ஆரம்பப் படிகள்

2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த ஆண்டு முடிவதற்குள், அரசாங்கம் குறுங்காலத்துக்குக் கடன் பெறும் திறைசேரி உண்டியல்களின் வருவாய் 30 சதவீதத்தைத் தாண்டியது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360 ரூபாயைத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. பிறகு எல்லாம் எதிர்த்திசையில் நகர்ந்து, 2024 நவம்பரில் மத்திய வங்கி அறிமுகப்படுத்திய, ஒற்றைக் கொள்கை வட்டியான ஓரிரவுக் கொள்கை வீதம் 8 சதவீதமாகவும் 2025 மே மாதத்தில் 7.75 சதவீதமாகவும் அமைந்தது. இத்தகைய ஏற்ற இறக்கத்துக்கு நடுவே ஹட்டனிலும் பண்டாரவளையிலும் சேமிப்பு வைத்திருப்போர் அடிக்கடி கேட்பது, "இப்போது எதில் போட்டால் நல்லது?" என்பதுதான். அதற்கு முன்னதாக, "இந்தப் பணம் எனக்கு எந்த ஆண்டில் தேவைப்படும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கீழேயுள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

முதற்படி: இருப்பதை எல்லாம் ஒரே கொப்பியில் எழுதுங்கள்

ஒரு பக்கத்தில் நான்கு நிரல்கள் போட்டு, பணம் எங்கே இருக்கிறது, எவ்வளவு, எப்போது எடுக்கலாம், யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். சேமிப்புக் கணக்கு, நிலையான வைப்பு, கட்டிவரும் சீட்டு, காப்புறுதி, வீட்டிலும் அடகிலும் உள்ள நகை ஆகிய அனைத்தும் அதில் வர வேண்டும். ஊழியர் சேமலாப நிதியத்தையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சம்பளத்தில் தொழிலாளியின் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் முன்னையதற்குச் செல்கின்றன. தொழில்தருநர் செலுத்தும் மேலும் 3 சதவீதம் பின்னையதற்குச் செல்கிறது. தோட்டத்திலோ தனியார் நிறுவனத்திலோ நீண்டகாலம் வேலை செய்த ஒருவருக்குப் பெரும்பாலும் வாழ்நாளின் மிகப் பெரிய சேமிப்பு இதுவாகவே இருக்கும்.

பழைய தகரப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 1992இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர், அக்கம்பனிகள் தனியார்மயமானபோது பங்குகளில் 10 சதவீதம் ஊழியர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. அப்பாவின் அல்லது அம்மாவின் பெயரிலான பங்குச் சான்றிதழ் ஒன்று அடையாள அட்டைப் பிரதிகளுக்கு நடுவே மடித்து வைக்கப்பட்டிருக்கக்கூடும். கிடைத்தால் பங்குத் தரகர் ஒருவர் மூலம் அதனை மத்திய வைப்பு முறைமைக் கணக்கில் (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) சேர்த்துக்கொள்ளலாம்.

பக்கத்தின் அடியில் கடன்களை எழுதுங்கள். அடகு நகைக்கும் நுண்கடனுக்கும் கட்டும் வட்டி, நீங்கள் வைப்பில் பெறும் வட்டியைவிட ஏறக்குறைய எப்போதும் அதிகமானது. எனவே அவற்றை அடைப்பதே முதலாவது முதலீடு. இதில் விதிவிலக்குத் தேடுவது வீண்வேலை. நகையைப் பொறுத்தவரை, எந்த நிலையிலும் விற்க மாட்டீர்கள் என்று உறுதியாகத் தெரிந்த தாலியையும் சீதன நகையையும் முதலீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கிய ஆபரணத்தை விற்கும்போது அவ்விரண்டும் திரும்பி வருவதில்லை.

இரண்டாம் படி: ஒவ்வொரு தொகைக்கும் எதிரே ஓர் ஆண்டை எழுதுங்கள்

விளக்கத்துக்காக ஹட்டனுக்கு அருகே வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மனைவி அரச பாடசாலை ஆசிரியை. கணவர் தோட்டத்தில் உத்தியோகத்தர். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். சேமலாப நிதியத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் இவர்களிடம் 20 இலட்சம் ரூபாய் இருக்கிறது. இதில் 4 இலட்சம் அவசரத் தேவைக்கானது. அதற்கு எதிரே "எந்த நேரமும்" என்று எழுத வேண்டும். மகளின் மேற்படிப்புக்கான 6 இலட்சம் மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படும். எஞ்சிய 10 இலட்சம் இருவரும் ஓய்வுபெறும் காலத்துக்கானது, அதாவது குறைந்தது எட்டு ஆண்டுகளுக்குக் கைவைக்கத் தேவையற்றது.

அவசர நிதியாக ஆறு மாதச் செலவை வைத்திருப்பது பொதுவான அளவு. மலைநாட்டில் அதற்குக் கூடுதலாகவே வைக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவுகளால் வீதிகள் துண்டிக்கப்பட்டு, நகரத்துக்குப் போய்வருவதே முடியாமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் இதில் ஒரு சிறு பகுதி வீட்டில் நோட்டுகளாகவே இருப்பதிலும் தவறில்லை.

மூன்றாம் படி: ஆண்டுக்கு ஏற்ற இடத்தில் பணத்தை வையுங்கள்

அவசர நிதி சேமிப்புக் கணக்கிலும் மூன்று மாத வைப்புகளிலும் இருந்தால் போதும். வட்டி குறைவு என்று வருந்த வேண்டாம். அந்தப் பணத்தின் வேலை வட்டி ஈட்டுவது அன்று.

மூன்று ஆண்டுக்கான 6 இலட்சத்தை ஒரே வைப்பில் போடாமல் இரண்டிரண்டு இலட்சமாகப் பிரித்து, ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என வெவ்வேறு முதிர்வுத் திகதிகளில் வையுங்கள். வட்டி ஏறினால் விரைவில் முதிரும் பகுதியைப் புதிய வீதத்தில் போடலாம். இறங்கினால் நீண்ட பகுதி பழைய வீதத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும். வட்டி உச்சத்தில் இருந்தபோது இரண்டாண்டுக்குக் கட்டிவைத்தவர்கள் நன்மையடைந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அதுதான் உச்சம் என்று அன்று எவருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. வைப்புப் பத்திரத்தில் தானியங்கிப் புதுப்பித்தல் என்ற கட்டம் தெரிவுசெய்யப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால், முதிர்ந்த அன்றே பணம் அன்றைய வீதத்தில் மீண்டும் பூட்டப்பட்டுவிடும்.

திறைசேரி உண்டியல் என்பது அரசாங்கம் 91, 182 அல்லது 364 நாட்களுக்குப் பெறும் கடன். இதில் வட்டி தனியாக வருவதில்லை. கழிவு விலையில் வாங்கி முதிர்வில் முழுப்பெறுமதியைப் பெறுகிறோம். உதாரணமாக, 8 சதவீத வருவாயில் 364 நாள் உண்டியலுக்கு இன்று சுமார் 92,600 ரூபாய் கொடுத்தால் முதிர்வில் 1,00,000 ரூபாய் கிடைக்கும். வங்கிகள் மூலமும் முதனிலை வணிகர்கள் (அரசாங்கக் கடன் பத்திரங்களை விற்க அனுமதி பெற்ற நிறுவனங்கள்) மூலமும் வாங்கலாம்.

வங்கியிலும் உரிமம் பெற்ற நிதிக் கம்பனியிலும் உள்ள வைப்புகளுக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. நிதிக் கம்பனி இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாகத் தருகிறது என்றால், அந்த எல்லையைத் தாண்டாமல் வைப்பதே அறிவு. கடந்த பத்தாண்டுகளில் சில நிதிக் கம்பனிகளின் உரிமங்கள் இரத்தாகி, வைப்பாளர்கள் நீண்டகாலம் அலைய நேர்ந்தது.

இனி நீண்டகாலப் பணத்துக்கு வருவோம். இதில் 4 இலட்சத்தைப் பங்குகளிலோ பங்குகளில் முதலிடும் யூனிட் ட்ரஸ்ட்களிலோ (பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் நிதியங்கள்), 6 இலட்சத்தைத் திறைசேரி முறிகளிலும் (அரசாங்கம் பல ஆண்டுகளுக்குப் பெறும் கடன்) நீண்ட வைப்புகளிலும் வைப்பதாக அந்தக் குடும்பம் தீர்மானிக்கிறது என்று கொள்வோம். முறி பாதுகாப்பானது என்பதற்காக அதன் விலை அசையாது என்று எண்ணிவிடக் கூடாது. 10 சதவீத வட்டி தரும் ஐந்தாண்டு முறியை 100 ரூபாய்க்கு வாங்கிய மறுநாளே சந்தை வட்டி 15 சதவீதமாக ஏறினால், அதன் விற்பனை விலை ஏறத்தாழ 83 ரூபாய்க்கு விழும். முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு முழுத்தொகை வரும். இடையில் விற்க வேண்டியவருக்குத்தான் அந்த 17 ரூபாய் நட்டம். எட்டாண்டுப் பணத்துக்கு மட்டுமே நீண்ட முறி என்று சொல்வதன் காரணம் இதுவே.

பங்குச் சந்தையும் இதையே கூறுகிறது. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 2022 ஜனவரியில் 13,000 புள்ளிகளுக்கு மேல் இருந்தது. அதே ஆண்டில் 8,000க்குக் கீழே இறங்கியது. 2024 இறுதியில் 15,900ஐக் கடந்தது. காத்திருக்க முடிந்தவர்களுக்கு முதல் திரும்பியது. எனினும் உச்சத்தில் ஒரே தடவையில் முழுப்பணத்தையும் போட்டவருக்கு, விலைவாசி ஏறிய அளவுக்கு அந்த இலாபம் ஈடாகவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே 4 இலட்சத்தை ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு காலத்துக்கு மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். அடிக்கடி வாங்கி விற்பதையும் தவிருங்கள்: வாங்கும்போதும் விற்கும்போதும் தலா 1.12 சதவீதம் கட்டணமாகப் போவதால், ஒரு பங்கு சுமார் 2.3 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணமே கைக்கு வரும்.

நான்காம் படி: தேயிலையில் எவ்வளவு தங்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்

மலையகத்து வாசகர்கள் இந்தப் படியில் சற்று நின்று யோசிக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்தின் சம்பளம் தேயிலையிலிருந்து வருகிறது, குடியிருப்பு தோட்டத்துக்குரியது, நகரில் கடை வைத்திருக்கும் உறவினரின் வியாபாரமும் தோட்டச் சம்பள நாளை நம்பியே நடக்கிறது. இந்நிலையில், தெரிந்த தொழில் என்பதற்காகச் சேமிப்பையும் பெருந்தோட்டக் கம்பனிப் பங்குகளில் போட்டால் எல்லாம் ஒரே செடியில் தொங்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கிய பின்னரும் 2022இல் தேயிலை உற்பத்தி சுமார் 300 மில்லியன் கிலோவிலிருந்து 250 மில்லியன் கிலோவாகச் சரிந்தது. ஓர் அரசாங்கத் தீர்மானம் சம்பளத்தையும் சேமிப்பையும் ஒரே வேளையில் தொடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. எனவே பெட்டியில் கிடைத்த பழைய பங்குகளை வைத்திருக்கலாம். அவற்றோடு மேலும் தேயிலைப் பங்குகளைச் சேர்க்க வேண்டாம். நுவரெலியாவில் மரக்கறித் தோட்டம் செய்வோர் உர, விதைக் கம்பனிகளின் பங்குகளைப் பற்றியும் இவ்வாறே சிந்திக்கலாம்.

சேமலாப நிதியத்தின் பெரும்பகுதி அரசாங்கப் பிணையங்களிலேயே, அதாவது திறைசேரி உண்டியல்களிலும் முறிகளிலும், முதலிடப்பட்டிருக்கிறது. அந்தக் குடும்பத்தின் கணவருக்கு நிதியத்தில் பெரிய தொகை இருந்தால், அவர் ஏற்கனவே அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவராகிறார். மனைவிக்கு அரச ஓய்வூதியமும் வரவிருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 10 இலட்சத்தில் 4 இலட்சம் பங்குகளில் இருப்பது முதலில் தோன்றிய அளவுக்குத் துணிச்சலான முடிவன்று.

ஐந்தாம் படி: புதிய அறிவிப்பு வரும்போது கொப்பியைத் திறவுங்கள்

வரவுசெலவுத் திட்டமோ மத்திய வங்கி அறிவிப்போ வெளியானதும் கொப்பியில் எந்த வரியை அது தொடுகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டு உதாரணங்கள் போதும்.

2025 ஏப்ரல் 1 முதல் வட்டி வருமானத்தின் மீதான நிறுத்திவைத்தல் வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்ந்தது. 10 இலட்சம் ரூபாயை 8 சதவீதத்தில் வைத்தால் வட்டி 80,000. அதில் 8,000 பிடிக்கப்பட்டு 72,000 கைக்கு வரும். ஆனால் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குட்பட்டவர், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்துடன் சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் அந்தப் பிடித்தம் தவிர்க்கப்படும். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களின் வைப்புகளுக்கு இது பெரிதும் பொருந்தும். வீட்டிலுள்ள இளையவர்கள் இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது, எந்தப் பங்கு ஏறும் என்று ஆராய்வதைவிட அதிகப் பயன் தரும்.

அடுத்தது 2023 நடுப்பகுதியில் நிகழ்ந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, அதாவது அரசாங்கம் உள்நாட்டில் பெற்ற கடன்களின் நிபந்தனைகளை மாற்றியது. வங்கிகளுக்கு விசேட விடுமுறை விடப்பட்டதால் பலர் வைப்பு போய்விடும் என்று அஞ்சினார்கள். வங்கி வைப்புகளோ தனிநபர்கள் வாங்கிய திறைசேரி உண்டியல்களோ அதில் தொடப்படவில்லை. சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்கள் வைத்திருந்த முறிகள் பல நீண்ட தவணையுடைய முறிகளாக மாற்றப்பட்டன. கொப்பி வைத்திருந்தவர் எனில், தம் கையிலுள்ள எந்த வரி பாதிக்கப்படுகிறது, அந்தப் பணம் எந்த ஆண்டுக்குரியது என்பதை ஐந்து நிமிடத்தில் அறிந்திருப்பார்.

ஆறாம் படி: ஆண்டுக்கு ஒருமுறை சமப்படுத்துங்கள்

தைப்பொங்கல் விடுமுறையோ வரி ஆண்டு தொடங்கும் ஏப்ரலோ, ஏதாவது ஒரு காலத்தை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். நம் குடும்பத்தின் 4 இலட்சம் பங்குகள் 6.4 இலட்சமாகவும் 6 இலட்சம் முறியும் வைப்பும் 6.5 இலட்சமாகவும் வளர்ந்துவிட்டன என்போம். மொத்தம் 12.9 இலட்சம், அதில் பங்குகள் கிட்டத்தட்ட பாதி. தீர்மானித்த 40 சதவீதத்துக்கு அவை 5.16 இலட்சமாக இருக்க வேண்டும். மேலதிக 1.24 இலட்சத்தை விற்று வைப்புக்கு மாற்றலாம். அல்லது விற்பனைக் கட்டணத்தைத் தவிர்க்க, அடுத்த ஓராண்டுச் சேமிப்பு முழுவதையும் வைப்புப் பக்கம் திருப்பலாம். இரண்டாவது வழியையே நான் விரும்புவேன். சந்தை விழுந்த ஆண்டில் இதே கணக்கு உங்களைப் பங்கு வாங்கச் சொல்லும். அப்போது மனம் ஒப்பாது. கணக்கு அதைத்தான் சொல்லும்.

மாதம் 10 சதவீதம் தருவோம், இரண்டு பேரைச் சேர்த்தால் இன்னும் தருவோம் என்று வரும் திட்டங்கள் இந்தத் தொகுப்பில் எந்த இடத்துக்கும் உரியவை அல்ல. பிரமிட் திட்டங்களை நடத்துவது வங்கித்தொழில் சட்டத்தின்படி குற்றம். அழைப்பவர் மாமாவாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: பெயர்களைச் சரிபாருங்கள்

கொப்பியின் நான்காவது நிரலை மீண்டும் பாருங்கள். தோட்டங்களில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னோர் எழுத்தும் தோட்டச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) வேறொன்றும் இருக்கின்றன. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியைக் கோரும்போது இந்த வேறுபாடு பணத்தை மாதக்கணக்கில் தாமதப்படுத்தும். வேலையில் இருக்கும்போதே நிதிய ஆவணங்களைத் தோட்ட அலுவலகத்திலும் தொழில் அலுவலகத்திலும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். தேவையெனில் சத்தியக் கடதாசி பெற்றுக்கொள்ளுங்கள். வைப்பு, பங்குக் கணக்கு, நிதியம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னுரித்தாளர் (உங்களுக்குப் பின் அந்தப் பணத்தைப் பெறுபவர்) யார் என்று எழுதப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். திருமணத்துக்கு முன்னர் தாயின் பெயரைக் கொடுத்தவர்கள் அதை மாற்றாமலே விட்டிருப்பது வழக்கம். மாற்றுவதாயின் ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனிப் படிவம் நிரப்ப வேண்டும்.