நான்காம் பாகத்துக்கு விமர்சனம் எழுதும்போது

பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் மாயாஜாலத் தொடர்கள் வரிசையாகக் கிடைப்பது அபூர்வம். நான்காவது இருக்கும், முதலாவது இருக்காது. அதைக் கையில் எடுப்பவர் கைப்பேசியில் விமர்சனம் தேடுவதே, இதிலிருந்து தொடங்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான். முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். நம்மில் பலர் சொல்வதே இல்லை.

மாறாக, பழைய கதையைச் சொல்லியே பாதி இடத்தை நிரப்பிவிடுகிறோம். படித்தவருக்கு அது வேண்டாம். படிக்காதவருக்கு அது துரோகம். மூன்றாம் பாக முடிவில் யார் செத்தார் என்பது உங்களுக்குத்தான் பழைய செய்தி. என்ன நாடு, என்ன சிக்கல் என்று இரண்டு வரி போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. முகமூடிக்குப் பின்னால் இருப்பது ஆணா பெண்ணா என்பதை ஆசிரியர் நூறு பக்கம் மறைத்து வைத்திருப்பார். நாம் 'வந்தாள்' என்று எழுதினால் முடிந்தது கதை. இதுவரை 'வந்தான்' என்றிருந்த பையனுக்குத் திடீரென்று 'வந்தார்' போட்டால், பட்டம் கட்டியாகிவிட்டது என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார். அந்த இடங்களில் வாக்கியத்தையே மாற்றி அமையுங்கள்.

அப்புறம், காத்திருந்த கோபத்தைப் புத்தகத்தின் மேல் கொட்டுவது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற முதல் பாகத்தில் தொடங்கும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் மூன்றாம் பாகம் 2000இல் வந்தது, நான்காவது 2005இல். அதில் முக்கியப் பாத்திரங்களான டிரியனும் டெனேரிஸும் இல்லை. கதை நீண்டுவிட்டதால் பாத்திரங்களை வைத்து இரண்டாகப் பிரித்ததாக ஆசிரியரே கடைசியில் விளக்கியிருக்கிறார். அவர்கள் வரும் ஐந்தாம் பாகம் 2011இல்தான் வந்தது. 'டிரியன் இல்லை' என்று மட்டும் எழுதி நட்சத்திரத்தைக் குறைப்பவர், ராணி செர்ஸியின் பார்வையில் முதன்முறையாகக் கதை நகர்வதைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்? போர் நாசமாக்கிய ஊர்களில் பெண் போர்வீரர் பிரியென் அலையும் அத்தியாயங்களைப் பற்றி? என்னைக் கேட்டால் அந்தப் பாகத்தின் உயிரே அவைதான்.

நடுப் பாகத்தில் முடிவு இல்லை என்பதும் குறை ஆகாது. எந்த இழை முடிந்தது, எது தொங்குகிறது என்று பாருங்கள்.

முந்தைய பாகத்தைத் திரும்பப் படித்துவிட்டுத்தான் இதைத் தொட்டீர்களா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பெயர்கள் நமக்கு மறந்துபோனதற்குப் 'புத்தகம் குழப்புகிறது' என்று பழி போடுவது நியாயமில்லை.