புறநகர் ‘நகரில்’ வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையை ஒட்டிய தாம்பரம், ஆவடி, பூந்தமல்லி பக்கம் போனால் பஸ் ஸ்டாப்புக்கு ஒரு ‘நகர்’ இருக்கும். ஒரு காலத்தில் வயலாகவோ தோப்பாகவோ இருந்ததை மனை போட்டு விற்றிருப்பார்கள். மூன்று நான்கு தெரு, ஐம்பது அறுபது வீடு, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு அண்ணாச்சி கடை, இன்னும் வீடு கட்டாத நாலைந்து மனைகளில் சீமைக்கருவேலம். அவ்வளவுதான் ஊர்.

வாடகை ஃப்ளாட்டில் இருந்துவிட்டு இங்கே சொந்த வீடு கட்டி வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான தவறுகளைத்தான் செய்கிறார்கள். வாடகை வீட்டில் ஒத்துவராவிட்டால் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். இங்கே இருபது வருஷ வீட்டுக்கடன் கழுத்தில் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரரும் அப்படியே. சண்டை போட்டாலும் நாளைக் காலையில் பால் பாக்கெட் எடுக்க வரும்போது அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

முதல் தவறு கடைக்கால் போடும்போதே ஆரம்பிக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதைப் பார்த்த பிறகு, இந்தப் பக்கம் வீடு கட்டுகிற எல்லோரும் மேஸ்திரியிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “பக்கத்து வீட்டைவிட ஒரு அடி கூடுதலா ஏத்திடுங்க.” அடுத்து வருகிறவர் அதற்கும் மேலே ஒரு அடி. வீட்டின் தரைமட்டத்தை ஏற்றுவது தப்பில்லை, ஏற்றத்தான் வேண்டும். ஆனால் வீட்டோடு சேர்த்து மனை முழுவதையும் கட்டட இடிபாடு கொட்டி உயர்த்தி, காம்பவுண்டு வரை சிமென்ட் தளம் போட்டுவிடுகிறார்கள். உங்கள் மொட்டைமாடித் தண்ணீர் முழுக்க, தெருவிலேயே முதலில் கட்டிய வீட்டு வாசலுக்குப் போகும். அந்த வீட்டில் பெரும்பாலும் ரிட்டயர் ஆன தம்பதி இருப்பார்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. கட்டியபோது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி வாசலுக்குப் போக வேண்டுமாம். இப்போது ஒரு படி இறங்க வேண்டும். பக்கத்து மனைகள் பாதிக் காரணம் என்றால், ரோடு மீதிக் காரணம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுக்கொண்டே போனார்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வீடுகளின் மட்டம் தாழாதபடி ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். உத்தரவு கோட்டையில் இருக்கும், ரோடு ரோலர் தெருவில் இருக்கும். ரோடு போடுகிற அன்று நாலு பேர் லீவு போட்டு வாசலில் நிற்பதை விட்டால் வேறு வழியில்லை. ‘ரோடு வருது’ என்று சந்தோஷப்பட்டு எல்லோரும் ஆபீசுக்குப் போய்விடுவதுதான் இங்கே நடக்கிற தவறு.

அப்புறம் ராம்ப். கார் ஏறுவதற்காக கேட்டுக்கு வெளியே மூன்று நான்கு அடி ரோட்டுக்குள் நீட்டி சிமென்ட் சாய்தளம் போடுவது. ஐப்பசியில் ஒரு மணி நேரம் அடைத்துப் பெய்தால் போதும், அது என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். ரோட்டோரமாக ஓடி வருகிற தண்ணீர் ராம்ப்பில் முட்டி, நின்று, திரும்பி, எதிர்வரிசை வீட்டு கேட்டைத் தேடிப் போகும். கூடவே பால் கவர், சருகு, யாரோ திருஷ்டி சுற்றிப் போட்ட எலுமிச்சம்பழம். எதிர்வீட்டம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தோடு நிற்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ராம்ப் போட்டவர் மாடி ஜன்னலில் நின்று மழையை வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார். இதைத் தவிர்க்கப் பெரிய செலவில்லை. சாய்வு முழுவதையும் காம்பவுண்டுக்கு உள்ளேயே வாங்கும்படி, பிளான் போடும்போதே கேட்டைப் பின்னால் தள்ளிவிடலாம். வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அடியில் தண்ணீர் ஓடுவதற்கு இடம் விட்டு மேலே இரும்பு கிராதி போடலாம். கட்டி முடித்த பிறகு உடைக்கச் சொன்னால் யாரும் உடைப்பதில்லை. அதற்குள் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயம். பல வீடுகளில் அது பிளான் அனுமதிக்காகப் போட்ட ஒரு குழாய்தான், மறுமுனை ரோட்டில் திறந்திருக்கும். அதே குழாயை மண்ணுக்குள் இறக்கி, கருங்கல் ஜல்லி போட்ட குழியில் விட்டால் உங்கள் போர்வெல்லுக்கும் நல்லது, எதிர்வீட்டம்மாவின் துடைப்பத்துக்கும் ஓய்வு.

பாதாளச் சாக்கடை வராத நகர்களில் அடுத்த தவறு செப்டிக் டேங்கில். டேங்க் நிரம்பி வழிகிறது என்று ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பைப்பைப் போட்டு மழைநீர்க் கால்வாயில் சேர்த்துவிடுகிறார்கள். யார் வீட்டுப் பைப் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கால்வாய்த் தண்ணீர் மண்ணில் இறங்கி எல்லோர் போர்வெல்லுக்கும்தான் போகிறது, பைப் போட்டவர் போர்வெல் உட்பட. இன்னொன்று, இது தவறு என்ற கணக்கில் சேராது, குற்றம்: கழிவு உறிஞ்சும் லாரிக்குக் காசு அதிகம் என்று ஆளை விட்டு டேங்குக்குள் இறங்கிச் சுத்தம் செய்யச் சொல்வது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை. டேங்குக்குள் இருக்கிற விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரும் பிழைப்பதில்லை.

லேஅவுட் (மனைப்பிரிவு) வரைபடத்தை வாங்கி வைக்காமல் இருப்பதும் பெரிய தவறு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேலான அனுமதி பெற்ற லேஅவுட்டில், ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடலுக்காக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். உங்கள் நகரில் அந்த இடம் எங்கே? பலருக்குத் தெரியாது. புதர் மண்டிக் கிடக்கும். முதலில் ஒருவர் மணல், செங்கல் இறக்குவார், பிறகு கார் நிறுத்த ஷெட் வரும், ஷெட்டுக்குப் பிறகு பட்டா பற்றிப் பேச்சு வரும். வரைபடத்தின் நகலும் தானப்பத்திர நகலும் நகரின் குடியிருப்போர் சங்கத்திடம் இருந்தால் ஷெட் கட்டத்திலேயே பேசி முடித்துவிடலாம்.

ரோடுகளும் அப்படித்தான் உள்ளாட்சிக்குக் கொடுக்கப்பட்டவை. திருட்டுப் பயத்தில் தெருமுனையில் இரும்பு கேட் போட்டுப் பூட்டுகிற நகர்களை நிறைய பார்க்கிறேன். அது பொதுப்பாதை, பூட்ட நமக்கு உரிமை கிடையாது. ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவதை நினைத்துப் பார்த்தாலே போதும்.

சங்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஏழு பேர் இருந்தால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்துவிடலாம். உற்சாகமாகப் பதிவார்கள். அதோடு சரி. ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய மாட்டார்கள், பொதுக்குழு கூட்ட மாட்டார்கள், சந்தா செயலாளரின் சொந்த ஜிபே நம்பருக்குப் போகும். அவர் நல்லவராகவே இருப்பார், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் தெருவிளக்கு மாற்றிய செலவையும் பிள்ளை கல்லூரி ஃபீஸையும் ஒரே கணக்கில் வைத்துக்கொண்டிருப்பவரால் ஒரு நாள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு, மாதம் ஒரு முறை வரவு செலவு நோட்டீஸ், இது இரண்டும் இருந்தால் பாதிச் சண்டை குறையும். சந்தாவே கட்டாமல் கணக்கு மட்டும் கேட்கிறவர் எல்லா நகரிலும் ஒருவர் உண்டு. அவரைத் திருத்த என்னிடம் வழியில்லை.

வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் ‘சிலர்’ என்று எழுதாதீர்கள். ஐம்பது வீட்டில் ‘சிலர்’ யார் என்று எல்லோருக்கும் தெரியும். நேரில் போய், “சார், உங்க வண்டி கொஞ்சம் எங்க கேட்டை மறைக்குது” என்று சொன்னால் அரை நிமிஷத்தில் முடிகிற விஷயம்.

நாய் விவகாரத்தில் இரண்டு பக்கமும் தவறு இருக்கிறது. சாக்கில் கட்டிக்கொண்டு போய் வேறு ஊரில் விட்டுவந்தால் நிம்மதி என்று ஒரு கூட்டம் நினைக்கிறது. காலியான இடத்துக்குக் கருத்தடை செய்யாத, நமக்குப் பழக்கமில்லாத வேறு நாய்கள் வரும். கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வது. அதே விதிகளில், குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, கட்டட வாசல் இவற்றுக்குப் பக்கத்தில் சோறு வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அடுத்தவர் கேட் முன்னால் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிக்கிறவர்கள் இதைப் படிப்பதில்லை.

கடைசியாக, மனு. ஆளுக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் தனித்தனியாக நிற்பார்கள். ஒருவர் ரோடு கேட்பார், அடுத்தவர் ரோடு வேண்டாம், முதலில் கால்வாய் என்பார். இரண்டும் வராது. ஊராட்சியில் இருக்கும் நகர் என்றால் வருஷத்தில் ஆறு நாள் கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. லீவு நாளாக இருந்தாலும் வீட்டில் தூங்காமல் பத்துப் பேராவது போய் உட்கார வேண்டும். மாநகராட்சி, நகராட்சி என்றால் அதே மாதிரி பகுதி மக்கள் கூடும் ஏரியா சபை இருக்கிறது. தண்ணீர் தேங்கிய படத்தைத் தேதியோடு இணைத்து, எந்த மனையிலிருந்து எந்த மனை வரை என்று எழுதி, ஒரே கோரிக்கையாகக் கொடுங்கள். நகலில் சீல் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.