பழைய பெரிய டார்க் ரெஞ்சை மலிவாக வாங்குவது எப்படி?

டார்க் ரெஞ்ச் என்பது நட்டைக் குறித்த முறுக்குவிசையில் இறுக்கும் கருவி. லாரிச் சக்கர நட்டுகளுக்கு முக்கால் அங்குலச் சதுர முனையும், 600 நியூட்டன் மீட்டருக்குக் (முறுக்குவிசையின் அலகு) குறையாத அளவும் கொண்ட ரெஞ்ச் வேண்டும். மதுரையின் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் பட்டறையை மூடுபவர்களிடம் நேரில் விசாரித்தால், நார்பார், கெடோர் போன்ற தரமான கருவிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன்பே நியாயமான விலைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு.

பெட்டியைத் திறந்ததும் கைப்பிடி அளவுகோலைப் பாருங்கள். குறித்த விசை எட்டியதும் ‘கிளிக்’ என ஒலிக்கும் கிளிக் ரக ரெஞ்சை உயர்ந்த அளவிலேயே நிறுத்தி நெடுநாள் வைத்திருந்தால் உள்ளிருக்கும் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். விற்பவரின் சொல்லைவிட அந்த அளவுகோல் நிற்கும் இடமே நம்பத்தக்கது. கைப்பிடியை நீட்டக் குழாய் மாட்டி இழுத்த தடமோ, தண்டில் வளைவோ தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். முனையை ஒரு பக்கம் மட்டும் திருப்பும் ராட்செட்டின் பல் தேய்ந்திருந்தால் அது பெரிய குறையன்று. உதிரிப்பாகம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சதுர முனையை வைஸில் கடித்து, ரெஞ்சைக் கிடைமட்டமாக வைத்து, முனையிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் கைப்பிடியின் நடுவே 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 196 நியூட்டன் மீட்டர் வரும்; ரெஞ்ச் அதையொட்டிய அளவில் கிளிக் ஆகிறதா என்று பாருங்கள். ரெஞ்சின் சொந்த எடையும் அதனுடன் சேரும் என்பதால் இது தோராயச் சோதனையே. டார்க் ரெஞ்சுகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6789 இவ்வகைக்கு 4 சதவீதம் வரையிலான பிழையையே அனுமதிக்கிறது. அதை உறுதிசெய்ய என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவு திருத்தம் செய்ய ஆகும் செலவை, விலை பேசும்போதே கழித்துக் கேளுங்கள்.