ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டுக்கு வன்னித் தமிழில் சப்டைட்டில் எழுதும் முறை

ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். கட்டிப்பிடிபட்டால் எலியாகவும் நாயாகவும் பூனையாகவும் மாறிப்போகிற அதன் சோமா குடும்பத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தால் பாதிப் பகிடி காணாமல் போய்விடும். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதில்தான் அந்தப் பகிடி கிடக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வளர்ந்தவரின் நாக்கில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி எப்போதும் இருக்கிறது. அந்த மூன்றையும் பிசகாமல் பாவித்தால் அந்தக் குடும்பத்தோடு வந்து தங்கும் பெட்டை தோரு, பூனையாக மாறும் கியோ, எலியாக மாறும் யுக்கி மூன்று பேரும் தங்கள் சொந்தக் குரலில் கதைப்பார்கள்.

எந்த வடிவத்துக்கு எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நட்சுக்கி தக்காயாவின் மங்கா, அதாவது மூலச் சித்திரக்கதை, 1998 முதல் 2006 வரை வந்து 23 தொகுதிகளானது. 2001-ல் வந்த 26 அத்தியாய அனிமே (கார்ட்டூன் வடிவம்), மங்கா முடிய முன்னரே எடுத்தது. கதை இடைவழியில் நின்றுவிடும். 2019-ல் தொடங்கிய புதிய வடிவம் 25, 25, 13 என்று மூன்று பருவங்களில் மொத்தம் 63 அத்தியாயம், கதை முழுதும் உண்டு. இதற்கு எழுதுவதே மினைக்கெடுக்குப் பெறுமதி. காசு கொடுத்து வாங்கிய பிரதிக்கு, வீட்டில் பார்ப்பதற்கு எழுதுங்கள். இணையத்தில் ஏற்றுவதற்கும் வாசிகசாலையில் திரை கட்டிப் போடுவதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

முதல் மூன்று அத்தியாயங்களை ஓர் எழுத்தும் தட்டாமல் இரண்டு தரம் பாருங்கள். இரண்டாம் தரம் ஆங்கில வரியை நிறுத்திவிட்டுக் காதை மட்டும் பாவியுங்கள். பெயருக்குப் பின்னால் மரியாதைக்கோ செல்லத்துக்கோ சேர்க்கும் 'சன்' வருகிறதா, 'குன்' வருகிறதா, 'ச்சன்' வருகிறதா, ஒன்றுமே இல்லையா? பேசுபவர் 'நான்' என்பதற்கு 'வதாஷி' என்கிறாரா, 'பொக்கு' என்கிறாரா, 'ஒரே' என்கிறாரா? ஒரு கொப்பியில் கட்டம் கீறி, இடப்பக்கம் பேசுபவர், மேலே கேட்பவர் என்று நிரப்புங்கள். இதை மரியாதைப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியல் இல்லாமல் தொடங்கினால் பத்தாம் அத்தியாயத்தில் யுக்கி ஒரு வரியில் 'வாரும்' என்பான், அடுத்த வரியில் 'வாங்கோ' என்பான். பார்க்கிறவர்கள் இடையில் ஏதோ சண்டை நடந்திருக்கிறது என்று நினைப்பார்கள்.

தோருவுக்கு எல்லாரும் 'நீங்கள்'தான். எதிரில் நிற்பது எலியாக மாறிவிட்டாலும் 'நீங்கள்'தான். மடியில் கிடக்கிற பூனையைப் பார்த்து 'நோகுதோ? கொஞ்சம் பொறுங்கோ' என்று கேட்பதே சிரிப்பு. ஜப்பானிய மொழியில் அவளுடைய மரியாதை அளவுக்கு மிஞ்சியது, சில வேளை இலக்கணமும் தடுமாறும். அதைத் தமிழில் கொண்டுவர ஒரு வழி, வானொலிச் செய்தித் தமிழையும் வீட்டுத் தமிழையும் ஒரே வரியில் மோதவிடுவது: 'தங்களைக் கட்டியணைத்தமைக்கு மன்னிக்கோணும்!' ஓர் அத்தியாயத்துக்கு மூன்று நாலு தடவைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள், அலுத்துவிடும்.

கியோவுக்கு எல்லாரும் 'நீ'. யுக்கிதான் நுணுக்கமானவன். தோருவை அவன் குடும்பப் பெயரோடு 'சன்' சேர்த்துக் கூப்பிடுகிறான். ஒரே வகுப்புப் பெடியன் பெட்டையிடம் கதைக்கும் 'நீர்' அதற்கு அப்படியே பொருந்தும். அதே மூச்சில் கியோவிடம் திரும்பும்போது 'நீ' ஆகட்டும். 'நீர் இரும், நான் செய்யிறன். டேய் மொக்குப் பூனை, அங்கால போ!' என்ற இந்த ஒரு வரியில் மூன்று பேரின் உறவும் வெளிச்சம். கியோ திருப்பி ஏசும் சொல்லுக்கு 'நாறல் எலி' போதும். தூஷணத்துக்குப் போனால் பிள்ளைகளோடு இருந்து பார்க்க முடியாது. இவர்கள் தங்கும் வீட்டுக்காரர் ஷிகுரே வயதுக்கு மூத்தவர், தோருவிடம் 'நீர்' என்று செல்லமாக இழுக்கலாம். சோமா குடும்பத்துச் சிறுமி கிசா தோருவை 'அக்கா' என்றே கூப்பிடுகிறாள், அதை மாற்றத் தேவையில்லை. யுக்கியின் தமையன் அயமே வாயைத் திறந்தாலே மேடைதான். முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்தவருக்கு அந்த வரவுப் பாட்டின் தோரணை தெரியும், 'வந்தேனே!' என்று அவரை உள்ளே விடுங்கள்.

பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதாதீர்கள், காதுக்கு எழுதுங்கள். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவில் வரும் தனிக் 'க' மெலிந்து ஒலிக்கும், ஆகவே யுகி என்று எழுதினால் வாசிப்பவர் வேறு பெயரைச் சொல்லுவார். யுக்கி, அக்கித்தோ, ஹத்தோரி என்று இரட்டியுங்கள். ககுராவிலும் ஷிகுரேயிலும் மெலிந்த ஒலியே வேண்டும், அங்கே இரட்டிக்கக் கூடாது. தோருவின் குடும்பப் பெயர்தான் பெரிய பொறி. 'ஹொண்டா' என்று போட்ட உடனே வன்னியில் மோட்டார் சைக்கிள்தான் ஞாபகத்துக்கு வரும். யுக்கி உருகிக் கதைக்கும் இடத்தில் பின்வரிசையில் சிரிப்பு வெடிக்கும். 'ஹொந்தா' என்று எழுதுங்கள், சிக்கல் போய்விடும்.

விலங்குகளுக்கு வருவோம். இது ஆண்டுக்கு ஒரு விலங்கு வரும் பன்னிரண்டு ஆண்டுச் சுற்று. 'ராசி' என்று மொழிபெயர்த்தால் மேஷத்து ஆடும் இடபத்து எருதும் குறுக்கே வந்து குழப்பும். 'ஆண்டு விலங்கு' என்பதே தெளிவு. சோமா குடும்பத்துப் பெட்டை ககுராவின் விலங்கு ஜப்பானில் காட்டுப்பன்றி. வெறும் 'பன்றி' என்றால் வசவு போலக் கேட்கும். 'காட்டுப்பன்றி' என்று எழுதினால், இரவில் வயலுக்குள் இறங்கி வரம்பைக் கிளறிவிட்டுப் போவதைக் கண்ட சனத்துக்கு அவள் ஏன் கதவை உடைத்துக்கொண்டு வருகிறாள் என்று விளக்கத் தேவையில்லை. எருது ஆண்டுக்காரன் ஹட்சுஹருவுக்கு 'நாம்பன்' பொருத்தம், பெடியனின் வயதுக்கும் சரி. ஹத்தோரி ட்ராகன் ஆண்டுக்காரர், ஆனால் மாறுவதோ கடற்குதிரையாக. ஜப்பானிய மொழியில் கடற்குதிரையின் பெயருக்குள்ளேயே ட்ராகன் இருப்பதால் அங்கே அது சிலேடை. தமிழ்ப் பெயரில் குதிரை இருக்கிறது, குதிரை ஆண்டுக்கோ வேறொருத்தி இருக்கிறாள்! அந்தக் காட்சியில் மட்டும் திரையின் மேல்பக்கம் சிறு குறிப்பு ஒன்று போடுங்கள்: 'ஜப்பானில் கடற்குதிரை = ட்ராகனின் பிள்ளை'. சப்டைட்டில் எழுதும் ஏஜிசப் மென்பொருளில் அலைன்மென்ட் (வரி நிற்கும் இடம்) 8 என்பது மேல் நடு.

பூனை ஏன் அந்தப் பன்னிரண்டில் இல்லை என்ற பழங்கதை தமிழில் அதிர்ஷ்டவசமாக இன்னும் நன்றாக விழும். கடவுளின் விருந்து நாளைக்கு. எலி பூனைக்குச் சொன்னது 'நாளையிண்டைக்கு'. இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் பூனை ஏமாந்ததை ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சாப்பாட்டில் முக்கியமானது ஒனிகிரி, அதாவது பிடித்துவைத்த சோற்று உருண்டை. தொடரின் பெயரே ஒரு விளையாட்டிலிருந்து வந்தது: வட்டமாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பழப் பெயர், பெயர் சொன்னவுடன் எழும்பி இடம் மாறவேண்டும். சின்ன வயதில் தோருவுக்கு 'ஒனிகிரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள், பழக்கூடையில் சோறு ஏது, அவளை யாரும் கூப்பிடவே இல்லை. 'சோத்துத் திரளை' என்று எழுதினால் அந்தப் பொருந்தாமை உடனே உறைக்கும். பிறகு வரும் காட்சியில், ஒருவரின் நல்ல குணம் திரளையின் முதுகில் ஒட்டியிருக்கும் உமெபோஷி மாதிரி, மற்றவர்களுக்குத் தெரியும், தனக்குத் தெரியாது என்கிறாள் தோரு. உமெபோஷி உப்பும் புளிப்புமான பழ ஊறுகாய்தான், 'ஊறுகாய்' என்றே விடுங்கள். தேசிக்காய் என்று சேர்க்க வேண்டாம், படத்தில் நிறம் வேறு. கியோ வெறுக்கும் மரக்கறிக்கு ஆங்கிலத்தில் உள்ளபடி 'லீக்ஸ்' போதும், கடையில் கேட்கிற பெயர்.

முதல் அத்தியாயத்தில் தோரு காட்டுக்குள் கூடாரம் அடித்து இருப்பது வேடிக்கையாகக் காட்டப்படுகிறது. 2009-ஐக் கண்ட வன்னிச் சனத்துக்குக் கூடாரம் வேறு பொருள். 'கூடாரம்' என்ற நேர்ச்சொல்லோடு நின்றுகொள்ளுங்கள். உள்ளூர்ச் சுவை என்று 'தறப்பாள் கொட்டில்' போடுவதும் கூடுதலாக ஒரு பகிடி சேர்ப்பதும் வேண்டாம்.

இனி, மிகக் கவனமாகச் செய்யவேண்டிய இடம் அக்கித்தோ. சோமா குடும்பத்தின் தலைமை. ஜப்பானிய வினைச்சொல் ஆணா பெண்ணா என்று காட்டாது. தமிழ் வினை காட்டிக்கொடுத்துவிடும். முதல் பருவத்திலும் இரண்டாம் பருவத்தின் பெரும்பகுதியிலும் அக்கித்தோவுக்கு அவன், அவள், வந்தவர், வந்தவ எதுவும் எழுதாதீர்கள். காரணத்தை இங்கே சொன்னால் தொடர் கெட்டுப்போகும், முழுதும் பார்த்தவருக்குத் தெரியும். நம்மிடம் உள்ள 'இனம்' விகுதி இதற்கென்றே செய்ததுபோல: 'தலைமை வீட்டில கூப்பிடினம்', 'அக்கித்தோ வரட்டாம்'. பெயரையே திருப்பிச் சொல்லுங்கள், பிரதிப்பெயர் வேண்டாம். தலைமை வீட்டைப் 'பெரிய வீடு' என்றும் எழுதலாம். ஆனால் அதற்குப் பிறகு ஷிகுரேயின் வீட்டைச் 'சின்ன வீடு' என்று எழுதிவிட்டால் கதை வேறெங்கோ போய்விடும்.

நேரம் வைப்பது: ஓர் அத்தியாயம் ஏறத்தாழ 24 நிமிடம், சுமார் 300 முதல் 400 வரி வரும். ஒரு வரிக்கு 28 எழுத்துக்குள், திரையில் ஒரே நேரத்தில் இரண்டு வரிக்குள் வையுங்கள். செக்கனுக்கு 12 எழுத்துக்கு மேல் போனால் பெரியவர்கள் படத்தைப் பார்க்க மாட்டார்கள், எழுத்தையே துரத்துவார்கள். சில செயலிகள் 'க்' என்பதைப் புள்ளியோடு இரண்டாக எண்ணும், ஆகவே இடைக்கிடை கையால் எண்ணிச் சரிபாருங்கள். வரி குறைந்தது ஒரு செக்கன் நிற்கட்டும், இரண்டு வரிக்கு நடுவில் இரண்டு பிரேம், அதாவது 83 மில்லிசெக்கன், வெறுமை இருக்கட்டும். புகை 'பொம்' என்று கிளம்பி விலங்கு தெரியும் இடத்தில், எந்த விலங்கு என்ற சொல் புகைக்கு முன் திரையில் வரவே கூடாது. வரியை இரண்டாக வெட்டி, விலங்கின் பெயரைப் புகைக்குப் பிறகு வையுங்கள்.

பிழை வரும் இடங்கள் சில. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் அதையே கோப்பில் ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யுனிகோட்டுக்கு மாற்றி, எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். வீடியோவுக்கும் கோப்புக்கும் ஒரே பெயர் இருந்து இரண்டும் ஒரே ஃபோல்டரில் கிடந்தால் விஎல்சி தானே எடுத்துக்கொள்ளும். தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு பிந்தினால் எல்லா வரியையும் அந்த அளவுக்கு நகர்த்தினால் சரி. தொடக்கத்தில் சரியாக இருந்து வரவரப் பிசகினால் பிரேம் வேகம் மாறுகிறது: 23.976-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசம் 24 நிமிடத்தின் முடிவில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். அதை நகர்த்தித் திருத்த முடியாது, கோப்பின் வேகத்தையே மாற்ற வேண்டும். யூஎஸ்பியில் போட்டுப் பார்க்கும் பழைய ரீவிகளில் தமிழ் பெட்டி பெட்டியாக வரும், அல்லது 'கொ'வின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, ரீவிக்குள்ளேயே தமிழ் இல்லை. வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'பேர்ன் இன்' தெரிவுசெய்து, வரிகளைப் படத்தோடு சேர்த்துச் சுட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது, ஆகவே சுடுவதைக் கடைசியில் செய்யுங்கள்.

சுடுமுன் தொடரைப் பார்க்காத ஒருவரை இருத்தி, சத்தத்தை நிறுத்தி ஓர் அத்தியாயத்தை ஓடவிடுங்கள். 'இது ஆர் சொன்னது?' என்று அவர் கேட்கும் ஒவ்வொரு வரியின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரிகளில் பெரும்பாலும் 'நீர்' இருக்கவேண்டிய இடத்தில் 'நீங்கள்' இருக்கும். கொப்பியில் உள்ள பட்டியலை முதலில் திருத்திவிட்டுப் பிறகு கோப்பைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் அதே பிழை அடுத்த அத்தியாயத்திலும் வரும்.