பழைய கேரவனைச் சரிசெய்யப் போகிறீர்களா? பெயிண்ட் டப்பாவைக் கடைசியில் திறவுங்கள்

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கு, படப்பிடிப்பில் நடிகர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான் கண்முன் வரும். நான் சொல்வது அதுவல்ல. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற, எஞ்சின் இல்லாத குட்டி வீடு. 1970களில் இங்கிலாந்தில் செய்த 12 அடிக் கேரவன் ஒன்று, சிங்கப்பூரின் கிராஞ்சியில் எங்கள் உறவினரின் செடிப் பண்ணை ஓரமாக உரமூட்டை அடுக்கும் கொட்டகையாக நின்றுகொண்டிருந்தது. "சரிபண்ணி வெச்சுக்கோம்மா, ஆனா இங்கயே நிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இந்த வேலைக்குப் பணத்தைவிடப் பெரிய தேவை இடம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பிரித்துப் போட்டு வைக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு நடக்காது. எங்களுடையது நகராத வண்டி. உங்களுடையதைச் சாலையில் இழுத்துப் போக நினைத்தால் அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும். கையில் எடுக்கும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள்.

நான் செய்த தப்பு

ஆர்வக் கோளாறில் முதல் மாதமே வெளிப்புறத்துக்குப் பெயிண்ட் அடித்தேன். வெள்ளையும் வெளிர்பச்சையும். படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு வாழ்த்தெல்லாம் வாங்கியாயிற்று. இரண்டே மாதத்தில் முன்பக்க மூலையில் அப்பளம் பொரிந்த மாதிரி பெயிண்ட் உப்பியது. மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். உப்பிய இடத்தை விரலால் அழுத்தினார், தகடு உள்ளே போய்த் திரும்பி வந்தது.

"கப்பலுக்குக் கீழேருந்து தண்ணி வரும், இதுக்கு மேலேருந்து வருது. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதாம்மா. முதல்ல ஓட்டைய அடை, அலங்காரத்த அப்புறம் பாத்துக்கலாம்."

கீழே உள்ள வரிசை அவர் சொன்ன வரிசை.

படி 1: எங்கே ஊறியிருக்கிறது?

அந்தக் காலத்துக் கேரவனின் சுவர் ஒரு சாண்ட்விச். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவே மரச்சட்டம், உள்ளே மெல்லிய பிளைவுட். இரண்டு தகடுகள் சேரும் மூலையை ஒரு அலுமினியப் பட்டை மூடியிருக்கும். அதன் அடியில் மக்கு (இடைவெளியை அடைக்கும் பிசின்) வைத்து, வரிசையாகத் திருகு முடுக்கியிருப்பார்கள். வருஷங்கள் போகப்போக மக்கு காய்ந்து வெடிக்கும். அப்புறம் ஒவ்வொரு திருகுத் துளையும் தண்ணீர் குடிக்கும் வாய்தான்.

உள்ளே போய் முதலில் மோந்து பாருங்கள். பிறகு மூலைகள், ஜன்னலுக்குக் கீழே, கூரைத் திறப்பைச் சுற்றி, தரையின் ஓரங்கள் என்று குத்தூசியால் மெதுவாகக் குத்துங்கள். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும். உளுத்த மரம் வழிவிடும். ஈரமானி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லும் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே 15 விழுக்காட்டைத் தாண்டினாலே கவலைப்படுவார்கள். நம் ஊர்க் காற்றில் நல்ல மரமே 15, 16 காட்டும். அதனால் வண்டிக்கு நடுவில், மழை படாத ஓர் அலமாரியில் முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதைவிடத் தெளிவாக ஏறுகிற இடமெல்லாம் சந்தேகம். 30 காட்டினால் அந்த மரத்தை மறந்துவிடுங்கள்.

பழைய அடுப்புக்கோ ஹீட்டருக்கோ பின்னால் சாம்பல் நிறத்தில் கெட்டியான பலகை இருந்தால் அதை உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் வைப்பதுண்டு. பரிசோதித்துவிட்டு, அதற்கென்று அனுமதி பெற்றவர்களை வைத்து எடுங்கள்.

வண்டி நிற்கும் விதத்தையும் பாருங்கள். நான்கு மூலையிலும் இறக்கும் கால்கள் வண்டி ஆடாமல் இருக்கத்தான், எடையைத் தாங்க அல்ல. சக்கரத்தைக் கழற்றுவதானால் அச்சுக்கு அடியில் தனியாக முட்டுக் கொடுங்கள்.

படி 2: பிரிப்பது

கழற்றும் முன் படம், கழற்றியதில் சீட்டு. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உளுத்த உள்பலகையைக்கூட எறியாதீர்கள். புதுப் பலகை வெட்ட அதுதான் அச்சு. ஒன்று மட்டும் முக்கியம்: ஒரே நேரத்தில் எல்லாச் சுவரையும் பிரிக்காதீர்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள், இல்லாவிட்டால் கூடு கோணிக்கொள்ளும். அப்புறம் கதவு சாத்தாது.

படி 3: மூலைப் பட்டையும் மரச்சட்டமும்

முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மெதுவாகப் படியுங்கள்.

பட்டையின் திருகுகளைக் கழற்றும்போது பாதி உடையும். இரும்புத் திருகும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரிப்பு வரும். வெள்ளைப் பொடியாகத் தெரிவது அதுதான். எங்கள் முன்மூலைப் பட்டையை எடுத்ததும் உள்ளேயிருந்த மரம், குழலிலிருந்து தள்ளிய புட்டு மாதிரி உதிர்ந்து கையில் விழுந்தது. ஒரு எறும்புக் கூட்டமும் கூடவே.

உளுத்த பகுதியை வெட்டும்போது, ஊசி இறங்காத இடம் வந்தபின் இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். புதுக் கட்டையை நேராக முட்டவைத்து ஒட்டினால் நிற்காது. இரண்டு முனைகளையும் சாய்வாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படியவைக்க வேண்டும். மாமாவின் கணக்கு: கனம் ஒரு பங்கு என்றால் சாய்வு எட்டுப் பங்கு. 20 மில்லிமீட்டர் கட்டைக்கு 160 மில்லிமீட்டர் சாய்வு. எபாக்ஸி பசை தடவி, கிளாம்ப் போட்டு, மறுநாள் வரை தொடாதீர்கள். பலகைக்கு, தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டிய மரைன் பிளைவுட்டே வாங்குங்கள். சுங்கை காடுட் பக்கம் மரக்கடைகளில் கிடைக்கும். திருகு, நாடா, சில்லறைச் சாமான் எல்லாம் ஜாலான் புசார் வட்டாரத்தில்.

புதுக் கட்டை வைக்குமுன் மிச்சமுள்ள மரம் காய வேண்டும். மின்விசிறி வைத்து மூன்று வாரம் காயவைத்தோம். டிசம்பர், ஜனவரி மழையில் இதைத் தொடங்கவே தொடங்காதீர்கள். பிப்ரவரி நல்ல மாதம். மற்ற மாதங்களில் விடியற்காலை சுமத்ராப் புயல்காற்று வரும். தார்ப்பாயை முந்தின இரவே இறுகக் கட்டிவிடுங்கள்.

அப்புறம் அடைப்பு. சிலிக்கான் வேண்டாம். கடைக்காரர் நீட்டினாலும் வேண்டாம். அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது. பின்னாளில் அதன்மேல் வேறு எதுவும் பிடிக்காது, சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு. காய்ந்து இறுகாத பியூட்டைல் நாடாதான் (ரப்பர் மாதிரி ஒட்டும் பட்டை) இதற்குச் சரி. பழைய மக்கை மரக்கரண்டியால் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பட்டையின் அடியில் நாடாவை ஒட்டி, புது ஸ்டெயின்லெஸ் திருகு ஒவ்வொன்றின் மரையிலும் கொஞ்சம் சீலன்ட் தொட்டு முடுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள். ஓரத்தில் நாடா சீராகப் பிதுங்கி வரும். பிதுங்காத இடம் அடையாத இடம். நம் வெயிலில் இரண்டு நாளில் இன்னும் கொஞ்சம் வெளியே வரும், அப்போது மறுபடி இறுக்கி, பிதுங்கியதை வெட்டிவிடுங்கள். ஜன்னலுக்கும் கூரைத் திறப்புக்கும் இதே முறை.

படி 4: குழாய்ச் சோதனை

உள்பலகை போடும் முன் செய்ய வேண்டியது. ஒருவர் டார்ச்சுடன் உள்ளே, ஒருவர் ரப்பர் குழாயுடன் வெளியே. கீழிருந்து மேலே போங்கள், ஒவ்வொரு உயரத்திலும் பத்து நிமிடம். மேலிருந்து ஊற்றினால் எது ஒழுகுகிறது என்றே தெரியாது. எங்களுக்குப் பின்ஜன்னலின் மேல்விளிம்பில் ஒரு சொட்டு வந்தது. ஒரே சொட்டுதானே என்று விட மனம் வந்தது, மாமா விடவில்லை. ஜன்னல் முழுதும் மறுபடி கழன்றது.

படி 5: வெப்பமும் மின்சாரமும்

வெப்பத்தைத் தடுக்க, சட்டங்களுக்கு நடுவே எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டியான நுரைப் பலகை வையுங்கள். கண்ணாடிப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூரைக்குக் கட்டாயம் வெள்ளை நிறம்.

பழைய எரிவாயு இணைப்பை முழுதாக எடுத்துவிட்டோம், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு போதும். 230 வோல்ட் இணைப்பை நீங்கள் தொடாதீர்கள், உரிமம் பெற்ற மின்பணியாளர் வரட்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கருவியும் போடச் சொல்லுங்கள். 12 வோல்ட் விளக்குகளை நாமே செய்யலாம். கணக்கு எளிது: 5 வாட் விளக்குகள் நான்கும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 100 வாட்-மணி. 25 வாட் விசிறி பத்து மணி நேரம், 250. மொத்தம் 350. 50 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 640 வாட்-மணி இருக்கும், ஒரு ராத்திரிக்குத் தாராளம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், விளக்குக்குப் பக்கத்தில் அல்ல.

படி 6: இப்போது பெயிண்ட்

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். வெறும் அலுமினியம் தெரிகிற இடத்தில் எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) அடிக்காமல் எதை அடித்தாலும் உரியும். காலைப் பனி காய்ந்து, மதிய மழைக்கு முன்னால் கிடைக்கிற இரண்டு மூன்று மணி நேரம்தான் நமக்கு.

உள் அலங்காரம் உங்கள் விருப்பம். தேக்காவில் வாங்கிய பூப்போட்ட பருத்தித் துணியில் அத்தை திரைச்சீலை தைத்தார். பழைய மடக்கு மேசையை அப்படியே வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் மாற்றினால் அது வரவேற்பறையாகிவிடும். அலமாரிகளைச் சுவரோடு ஒட்டவைக்காமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், காற்றுப் போகட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடங்களில் ஈரமானி வையுங்கள். எங்கள் முன்மூலை அலமாரிக் கதவின் உள்பக்கம் மாமா பென்சிலால் தேதியும் எண்ணும் எழுதி வைத்திருக்கிறார். மூன்று வரி ஆகிவிட்டது: 17, 16, 16.