அமெரிக்காவில் பெரிய தொகை கட்டும்போது: செக்கா, கார்டா, வயரா?

அமெரிக்கா வந்த சில மாதங்களிலேயே பெரிய தொகைகளைக் கட்டவேண்டி வரும். அபார்ட்மென்ட் டெபாசிட், பழைய கார், கல்லூரிக் கட்டணம், அப்புறம் வீடு வாங்கினால் டவுன் பேமென்ட். எதில் கட்டுவது என்று யோசிக்கும்போது, கமிஷன் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், தப்பு நடந்தால் இந்தப் பணம் திரும்பி வருமா என்று பாருங்கள்.

பொருள் கைக்கு வருமுன் பணம் கொடுக்கவேண்டும் என்றால் என் ஓட்டு கிரெடிட் கார்டுக்குத்தான். சோபாவுக்குப் பணம் வாங்கிய கடை அதை அனுப்பவே இல்லையென்றால், அந்தத் தொகை வந்த பில்லை அனுப்பிய 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிடலாம். கார்டை வேறு யாராவது திருடிப் பயன்படுத்தினால் சட்டப்படி உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டில் நிலைமை வேறு. தொலைந்தது தெரிந்த இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50 டாலர், தாமதித்தால் 500 வரை போகும். ஸ்டேட்மென்ட் வந்து 60 நாள் தாண்டியும் சொல்லாவிட்டால், அதற்குப் பிறகு போகும் பணம் முழுவதையும் நீங்களே ஏற்கவேண்டி வரலாம். புதிதாக வந்தவர்களுக்குக் கிரெடிட் லிமிட் குறைவாகவே கிடைக்கும் என்பதும் உண்மை. அப்போது வேறு வழிகளுக்குப் போகத்தான் வேண்டும்.

வாடகைக்கும் டெபாசிட்டுக்கும் பலர் இன்னும் செக் கேட்கிறார்கள். தேதியில் மாதம் முதலில் வரும். எண்ணும் எழுத்தும் மாறியிருந்தால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: இனி வரப்போகும் தேதியைப் போட்டுக் கொடுத்த செக்கை அந்தத் தேதிக்கு முன்பே வங்கி பாஸ் செய்துவிடலாம். நீங்கள் முன்கூட்டியே வங்கிக்குத் தகவல் கொடுத்திருந்தால்தான் தடுக்க முடியும். சம்பளம் வரும் தேதியைப் போட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தபாலில் அனுப்பும் செக்கைத் திருடி, மையைக் கரைத்துப் பெயரை மாற்றுவதும் நடக்கிறது. கறுப்பு ஜெல் பேனாவில் எழுதி, தபால் நிலையத்துக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.

தனி ஆளிடம் கார் வாங்கினால் பெரும்பாலும் கேஷியர்ஸ் செக் கேட்பார்கள். வங்கி உங்கள் பணத்தை முதலிலேயே எடுத்துக்கொண்டு தன் பெயரில் தரும் செக் இது. வாங்கும்போது பிரச்சினை குறைவு, உங்கள் காரை விற்கும்போதுதான் ஆபத்து. போலி கேஷியர்ஸ் செக் அசல் போலவே இருக்கும். டெபாசிட் செய்த மறுநாளே கணக்கில் பணம் தெரியலாம், ஆனால் செக் உண்மையிலேயே பாஸாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. வாரங்கள் கழித்துப் போலி என்று தெரிந்தால் வங்கி அந்தப் பணத்தை உங்களிடமிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால் வாங்குபவரோடு அவருடைய வங்கிக் கிளைக்கே போய், கண்முன்னே செக் எழுதச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், இங்கே இது சகஜம்.

வங்கி ஆப்பிலிருந்தே இன்னொருவர் கணக்குக்குப் பணம் அனுப்பும் ஜெல் (Zelle) சேவை சுலபம், இலவசமும்கூட. ஆனால் எதிராளி ஏற்கெனவே ஜெல்லில் பதிவு செய்திருந்தால் அனுப்பியதை ரத்து செய்ய முடியாது. தெரிந்தவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கும்போது வயர், அதாவது வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது, தவிர்க்க முடியாது. போன பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம் என்பதால்தான் மோசடிக்காரர்களுக்கும் அது பிடிக்கும். கடைசி நாளில் டைட்டில் கம்பெனி (வீட்டுப் பத்திரத்தைச் சரிபார்த்து விற்பனையை முடித்துவைக்கும் நிறுவனம்) பெயரில், கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் அதை நம்பாதீர்கள், அதிலுள்ள எண்ணுக்கும் அழைக்காதீர்கள். ஆரம்பத்தில் நேரில் வாங்கி வைத்த எண்ணில் கூப்பிட்டு, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். தவறான இடத்துக்குப் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால், அந்த நிமிடமே உங்கள் வங்கியை அழைத்து வயரைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். இணைய மோசடிப் புகார்களை வாங்கும் எஃப்பிஐயின் ஐசி3 (IC3) இணையதளத்திலும் அன்றே புகார் கொடுங்கள்.